அளந்து பார்த்த பிறகுதான் கத்தி

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெஞ்செரிச்சலைப் பற்றியவை. விபத்துக்குப் பிறகு வரும் தொல்லைகள் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, உணவுக்குழாயோடும் விபத்தோடும் தொடர்புடையவற்றுக்கு இந்த இதழில் இடம் தந்திருக்கிறோம்.

என் கணவருக்கு வயது 44. மூன்று வருடமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். காலையும் இரவும் பான்டோப்ரசோல் போட்டும் முழுசாகக் குறையவில்லை. எண்டோஸ்கோபி 'நார்மல்'. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மூக்கு வழியாக டியூப் விட்டு 24 மணி நேரம் பார்க்கும் டெஸ்ட்டை முதலில் எடுக்கச் சொல்கிறார். அந்தச் செலவும் சிரமமும் தேவையா?
– வாசகி, ஈரோடு

கட்டாயம் தேவை. ஆபரேஷன் என்ற பேச்சு வந்துவிட்டால், உணவுக்குழாயில் அமிலம் ஏறுவதை அளக்கும் இந்த டெஸ்ட்டைத் தாண்டிப் போகக் கூடாது. இரண்டாவது டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

நெஞ்சு எரிகிற எல்லோருக்கும் அமிலம் மேலே ஏறி வருவதில்லை. இதை நன்றாகக் காட்டிய ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்தது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதல் வேலையாக, ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் மாத்திரையை தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன், தவறாமல் இரண்டு வாரம் போடச் சொன்னார்கள். அதிலேயே 42 பேருக்குத் தொல்லை தீர்ந்துவிட்டது. மற்றவர்களை எண்டோஸ்கோபி, மானோமெட்ரி (உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளப்பது), 24 மணி நேர டெஸ்ட் என்று வரிசையாகச் சோதித்தபோது 99 பேருக்கு எரிச்சலுக்கும் எதுக்களிப்புக்கும் (இரைப்பையில் உள்ளது மேலே ஏறி வருவது) சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது. சோதனைகளை முடிக்காதவர்களும் வேறு காரணங்களால் விலக்கப்பட்டவர்களும் போக, எதுக்களிப்புதான் காரணம் என்று உறுதியாகி சிகிச்சைக்கு மிஞ்சியவர்கள் 78 பேர். அவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 67% பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. மருந்துகளை மாற்றியும் கூட்டியும் கொடுத்துப் பார்த்த பிரிவில் அது 28% மட்டுமே. ஆபரேஷன் பலன் தந்தது உண்மைதான். ஆனால் இவ்வளவு சலித்தெடுத்த பிறகு. சோதிக்காமல் 366 பேருக்கும் கத்தி வைத்திருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வலியும் செலவும்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த 24 மணி நேர அளவீட்டை முறைப்படுத்தியவர்களில் ஒருவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாம் டிமீஸ்டர். லாரன்ஸ் ஜான்சனுடன் சேர்ந்து 1974-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடிப்படை. அமிலம் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது, நிமிர்ந்திருந்தபோது எவ்வளவு, படுத்திருந்தபோது எவ்வளவு, எத்தனை தடவை ஏறியது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தது எத்தனை தடவை, மிக நீண்ட தடவை எவ்வளவு நேரம் என ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள். அது 14.72-ஐத் தாண்டினால் இயல்புக்கு மீறியது. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டிலும் 'டிமீஸ்டர் ஸ்கோர்' என்ற வரி இருக்கும். அதே குழு 1999-இல், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனை எதுக்களிப்புக்காகச் செய்துகொண்ட 199 பேரை ஆராய்ந்தது. நல்ல பலனை முன்கூட்டியே சொன்னவை மூன்று: இந்த ஸ்கோர் கூடுதலாக இருப்பது, நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற வழக்கமான அறிகுறியே முதன்மைத் தொல்லையாக இருப்பது, அமிலம் குறைக்கும் மாத்திரைக்கு ஓரளவாவது குணம் தெரிவது. மாத்திரை துளியும் கேட்கவில்லை என்பதை ஆபரேஷனுக்கான காரணமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, நோய் வேறாக இருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை.

டெஸ்ட் சரியாக அமைய சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டு, பான்டோப்ரசோலை 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் எரிந்தால் வாய்வழி ஆன்டாசிட் திரவம் எடுக்கலாம். அதையும் முந்தின நாளோடு நிறுத்திவிட வேண்டும். வெறும் வயிற்றில் போக வேண்டும். முதலில் மானோமெட்ரி செய்து, உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள தசை வளையம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து சரியாக 5 செ.மீ. மேலே, டியூப்பில் உள்ள அமிலத்தை அளக்கும் உணரி நிற்க வேண்டும். குத்துமதிப்பாக வைத்தால் முழு ரிப்போர்ட்டும் தவறிப் போகும். டியூப் கீழே நழுவி இரைப்பைக்குள் இறங்கிவிட்டால் எல்லா நேரமும் அமிலம் என்றே காட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிற தவறு ஒன்று உண்டு. மூக்கில் டியூப் இருக்கிறதே என்று தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டு, நாள் முழுக்க நாற்காலியில் அசையாமல் இருந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அமிலமும் ஏறாது. ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வரும். அவர் வழக்கம்போல் வேலைக்குப் போகட்டும். காபி, சாம்பார், ராத்திரி பரோட்டா எது வழக்கமோ அதைச் சாப்பிடட்டும். இடுப்பில் கட்டியிருக்கும் கருவியில் சாப்பாடு, படுக்கை, எரிச்சல் மூன்றுக்கும் பொத்தான் இருக்கும். எரிச்சல் வந்த கணத்தில் அழுத்த வேண்டும். பிறகு நினைவுபடுத்தி அழுத்துவதில் பயனில்லை. ஏனென்றால் அமிலம் ஏறிய 2 நிமிடத்துக்குள் எரிச்சல் வந்ததா என்று பார்த்துத்தான் இரண்டையும் தொடர்புபடுத்துகிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது கடினமில்லை. 24 மணி நேரம் என்பது 1,440 நிமிடம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 4-க்குக் கீழே போன நேரம் 4 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 58 நிமிடத்துக்குள் இருந்தால் இயல்பு. 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 86 நிமிடத்தைத் தாண்டினால் எதுக்களிப்பு நோய் உறுதி. இடைப்பட்டது என்றால் மற்ற ஆதாரங்களையும் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபியிலேயே 'கிரேடு சி' அல்லது 'டி' என்ற கடுமையான புண் தெரிந்திருந்தால் இந்த அமில அளவீடு தேவைப்படாது. அவருக்கு எண்டோஸ்கோபி நார்மல் என்பதால்தான் தேவைப்படுகிறது.

இன்னொன்று. மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ எரிச்சல் வந்து, நின்றால் அடங்குகிறது என்றால், அல்லது வியர்வையோடு தாடை, இடது கைக்குப் பரவுகிறது என்றால், இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே இசிஜி எடுங்கள்.

எதுக்களிப்புக்குச் செய்யும் ஃபண்டோப்ளிகேஷன் ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்? செய்துகொண்ட என் சகலைக்குச் சாப்பாடு இறங்க மறுக்கிறது. நானும் செய்துகொள்ளலாமா என்று யோசித்தவன் பயந்து நிற்கிறேன்.
– வாசகர், திருநெல்வேலி

உணவுக்குழாய் மார்பிலிருந்து வயிற்றுக்குள் நுழைய, இரண்டையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் ஒரு துளை இருக்கிறது. எதுக்களிப்பு முற்றியவர்களுக்கு அந்தத் துளை அகன்று, இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் நழுவியிருக்கும். ஆபரேஷனில் முதலில் இரைப்பையைக் கீழே இழுத்து, உணவுக்குழாயில் குறைந்தது 2 முதல் 3 செ.மீ. நீளம் இழுவிசை இல்லாமல் வயிற்றுக்குள் நிற்கும்படி விடுவிப்பார்கள். அடுத்து, அகன்ற துளையைப் பின்பக்கமாகத் தையல் போட்டுச் சுருக்குவார்கள். மண்ணீரலிலிருந்து இரைப்பைக்கு வரும் சிறு ரத்தக்குழாய்களை வெட்டி, இரைப்பையின் உச்சிப் பகுதியைத் தளர்த்துவார்கள். கடைசியாக அந்த உச்சியை உணவுக்குழாயின் பின்னால் கொண்டுவந்து, முன்பக்கம் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். வயிற்றில் அழுத்தம் கூடும்போது இந்தச் சுற்றும் இறுகி அமிலத்தைத் தடுக்கும்.

இந்த முறையைத் தந்தவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் ருடால்ஃப் நிஸ்ஸன். 1936-இல் இஸ்தான்புல்லில் இருந்தபோது, உணவுக்குழாயின் கீழ்முனையை வெட்டியெடுத்த ஒரு நோயாளிக்கு, தையல் பிரியாமல் இருக்க இரைப்பையைச் சுற்றிப் போர்த்தினார். பல வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை. அதை நினைவில் வைத்திருந்து 1955-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் எதுக்களிப்புக்காகவே செய்தார், 1956-இல் வெளியிட்டார். லேப்ராஸ்கோபி முறை 1991-இல் வந்தது.

உங்கள் சகலைக்கு வந்த தொல்லை அந்தக் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அதைக் குறைத்ததும் டிமீஸ்டர் குழுதான். 1986-இல் 100 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தைக்கும்போது உணவுக்குழாய்க்குள் விட்டுவைக்கும் அளவுக்குழாயை 36 ஃப்ரெஞ்சிலிருந்து 60 ஃப்ரெஞ்சாகப் பெரிதாக்கியதைச் சொன்னார்கள். 3 ஃப்ரெஞ்ச் என்பது 1 மி.மீ.; ஆக 12 மி.மீ. விட்டம் 20 மி.மீ. ஆனது. சுற்றின் நீளத்தை 4 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ.க்குக் குறைத்தார்கள். நீடித்த விழுங்கல் சிரமம் 21 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. மூன்று சென்டிமீட்டர் தையல் வித்தியாசம் எத்தனை பேரைச் சோற்றுத் தட்டின் முன்னால் திணறாமல் காப்பாற்றியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சகலைக்கு ஆபரேஷன் ஆகி எவ்வளவு நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதல் 4 முதல் 6 வாரம் வீக்கத்தால் இறங்காமல் இருப்பது சகஜம். அந்த நாட்களில் கஞ்சி, மோர், ரசம் விட்டுக் குழைத்த சாதம், சாம்பாரில் நன்றாக ஊறவைத்த இட்லி போதும். சப்பாத்தி, பரோட்டா, பன், வடை, கறித்துண்டு வேண்டாம். சோடா, கோலா குடிக்கவே கூடாது. ஏப்பம் வெளியே வராமல் வயிறு ஊதித் துடிக்கும். வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே மருந்து வாங்க வேண்டும். ஓங்கரிப்பில்தான் தையல் பிரிகிறது. மூன்று மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் பேரியம் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும் தேவை. சுற்று இறுக்கமாகிவிட்டதா, இரைப்பையின் நடுப்பகுதிக்கு நழுவிவிட்டதா, மார்புக்குள் ஏறிவிட்டதா என்று தெரியும். ஆபரேஷனுக்கு முன்பே உணவுக்குழாயின் தள்ளும் சக்தி குறைவாக இருந்து, மானோமெட்ரி எடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு முழுச் சுற்றுக்குப் பதில் 270 டிகிரி மட்டும் சுற்றும் டூபே முறைதான் எங்கள் தேர்வு.

உங்கள் விஷயம்: மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது என்றால் அவசரமில்லை. ஐரோப்பாவில் 554 பேரை வைத்து நடந்த ஆய்வில், 5 வருடத்துக்குப் பிறகு நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 92%, ஆபரேஷன் பிரிவில் 85%. புளித்த நீர் தொண்டைக்கு வருவது ஆபரேஷன் செய்தவர்களில் 2 சதவீதத்தினருக்கே இருந்தது, மாத்திரைக்காரர்களில் 13%. விழுங்கல் சிரமமும் வயிறு உப்புசமும் ஆபரேஷன் பக்கம் கூடுதல். எரிச்சல் அடங்கியும், குனிந்தால் சாப்பாடு தொண்டைக்கு வந்துவிடுகிறவர்களுக்குத்தான் ஆபரேஷனால் உண்மையான லாபம்.

விபத்தில் தலையில் அடிபட்டு ஐசியூவில் இருந்தபோது கேஸ் மாத்திரை தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் தொடர்கிறேன். நிறுத்தினால் நெஞ்சு எரிகிறது. ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?
– வாசகர், சேலம்

பெரும்பாலும் வேண்டியதில்லை. பலத்த தலைக்காயம், 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டர், ரத்தம் உறையாத நிலை இவற்றில் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம். அதைத் தடுக்கத்தான் ஐசியூவில் தருகிறார்கள். ஆபத்து நீங்கியதும் அந்த மருந்தின் வேலை முடிந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வரி அப்படியே தங்கிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

நிறுத்தினால் எரிவது நோய் இருப்பதற்கான அத்தாட்சி ஆகாது. 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் அமிலம் குறைக்கும் ஈசோமெப்ரசோல் 40 மி.கி. கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44% பேருக்கு எரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15% பேருக்கு. நீண்ட நாள் அடக்கிவைத்த அமிலச் சுரப்பு விட்டதும் கூடுதலாகச் சுரக்கிறது. சில வாரங்களில் தணிந்துவிடும்.

நீங்கள் போடுவது 40 மி.கி. என்றால் 20-ஆகக் குறைத்து இரண்டு வாரம், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்துங்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் திரவம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வைப்பதே சரி. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்கள், முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், பாரெட் உணவுக்குழாய் (அமிலம் பட்டு உணவுக்குழாயின் உள்சுவர் மாறிய நிலை) என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ஐந்து வருடம் முன்பு பைக்கில் போனபோது கார் மோதி இடது விலா எலும்புகள் முறிந்தன. இப்போது சாப்பிட்டதும் இடது மார்பில் அடைப்பு, மூச்சு வாங்கல், புளித்த ஏப்பம். அல்சர் என்று மருந்து தருகிறார்கள். குறையவில்லை.
– வாசகர், மட்டக்களப்பு

மருந்தை மாற்றிக்கொண்டிருக்காமல் மார்பு எக்ஸ்ரே ஒன்றும், மார்பையும் வயிற்றையும் சேர்த்து சிடி ஸ்கேன் ஒன்றும் எடுங்கள். பழைய விபத்தில் உதரவிதானம் கிழிந்திருக்கலாம். வயிற்றில் பலமாக அடிபடும்போது உள் அழுத்தம் திடீரென்று ஏறி உதரவிதானம் கிழிகிறது. வலப்பக்கம் கல்லீரல் தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் இடப்பக்கம்தான் அகப்படும். விபத்து நடந்த அன்று விலா முறிவைப் பார்க்கும் அவசரத்தில் சிறு கிழிசல் கண்ணில் படாமல் போய்விடும். அது தானாகக் கூடாது. ஒவ்வொரு மூச்சிலும் மார்புக்குள் அழுத்தம் இறங்குவதால் இரைப்பையும் குடலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கப்படும். வருடங்கள் கழித்து அறிகுறி வருவது இதனால்தான்.

எக்ஸ்ரே எடுக்கும்போது பழைய விபத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். மார்புக்குள் ஏறிய இரைப்பையின் காற்று, நுரையீரல் சுருங்கிக் காற்று தேங்கியதுபோலவே தோற்றம் தரும். அப்படி நினைத்து மார்பில் குழாய் போட்டால் அது இரைப்பையைத் துளைத்துவிடும். சந்தேகம் வந்தால் மூக்கு வழியாக இரைப்பைக் குழாய் விட்டு மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் போதும். குழாய் இடது மார்புக்குள் சுருண்டு நிற்கும். உறுதியானால் ஆபரேஷன்தான் வழி. அதற்குள் கடுமையான வலியோடு வாந்தி வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது சரியா?
– வாசகி, விழுப்புரம்

கொடுக்காதீர்கள். இரக்கத்தில் செய்வதுதான், ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். மயக்கமில்லாதவர் என்றாலும் அவசர ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கும்.

108-ஐ அழையுங்கள். ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. உடம்பில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்க வேண்டாம்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு சான்று. இந்தியா உட்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில், 20,211 பேரிடம் நடந்தது. ரத்தக் கட்டியைக் கரையவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 10 நிமிடத்தில் 1 கிராமும், பிறகு 8 மணி நேரத்தில் 1 கிராமும் ஏற்றினார்கள். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தபோது ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 7.7 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தார்கள். 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தபோது அதே மருந்து தீங்கு செய்தது. மருந்து விலை மலிவானது. தாமதம்தான் அதைப் பயனற்றதாக்குகிறது.

போலீஸ் விசாரணைக்குப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்குத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம்.

அம்மாவுக்குத் தண்ணீர்கூட நெஞ்சிலேயே நிற்கிறது. காலையில் தலையணையில் முந்தின இரவுச் சோறு கிடக்கிறது. புளிப்பே இல்லை. இதுவும் எதுக்களிப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

புளிப்பில்லை என்று கவனித்து எழுதினீர்களே, அதுதான் முக்கியமான தடயம். சோறு இரைப்பைக்கே போய்ச் சேரவில்லை. தொடக்கத்திலிருந்தே கெட்டியானதும் தண்ணீரும் ஒன்றுபோல் நின்றால் அகலேசியாவைச் சந்தேகிக்க வேண்டும். கீழ்முனைத் தசை வளையம் திறக்க மறுக்கும் நோய். முதலில் சோறு, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர் என்று சில மாதங்களில் படிப்படியாக அடைத்து, எடையும் குறைந்தால் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எண்டோஸ்கோபிதான் முதல் படி. அகலேசியாவை உறுதிசெய்வது மானோமெட்ரி.

1913-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் அந்தத் தசையை நீளவாக்கில் வெட்டிவிட்டார். இன்றும் அதே அடிப்படைதான். 2008-இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, வயிற்றில் துளையே போடாமல் எண்டோஸ்கோபி வழியாக அதைச் செய்யும் 'போயம்' முறையைத் தொடங்கினார். இரண்டையும் 221 பேரிடம் ஒப்பிட்டு 2019-இல் வந்த ஆய்வில், இரண்டு வருடத்துக்குப் பிறகு பலன் ஏறக்குறைய சமம்: போயம் 83%, ஹெல்லர் 82%. ஆனால் எதுக்களிப்பால் வரும் புண் போயத்தில் 44%, ஹெல்லரில் 29%. ஹெல்லரில் வெட்டிய இடத்தின் மேல் இரைப்பையைப் பாதிச் சுற்றாகப் போர்த்திவிடுவதுதான் காரணம். சிகிச்சை நடக்கும்வரை அம்மா தலைமாட்டை நன்றாக உயர்த்திப் படுக்கட்டும். இரவுச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கே முடிக்கட்டும். தேங்கியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் என்ன செய்வது? வாழைப்பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்கிறார்கள்.
– வாசகி, கோவை

காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் மாட்டிய பேட்டரியின் மின்னோட்டம் ஈரத் திசுவில் காரத்தை உண்டாக்கி, 2 மணி நேரத்திலேயே சுவரை அரித்துவிடும். அகலமான 20 மி.மீ. லித்தியம் வகை மிகவும் ஆபத்து. வாழைப்பழம், சோறு எதுவும் வேண்டாம்; வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

உடனே எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிறது என்றால் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. எக்ஸ்ரேயில் நாணயத்துக்கு ஒற்றை விளிம்பும், பேட்டரிக்கு இரட்டை வளையமும் தெரியும். காசு என்று சொல்லி அனுப்பிவிட்டால், விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி அங்கேயே நின்று கேளுங்கள். அதே மாதிரி பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.